சீக்கோவுக்கா இவ்வளவு ரூபாய்?

குமரி மாவட்டத்தில் ஒருத்தர் நல்ல நிலைமைக்கு வந்துவிட்டார் என்று காட்ட ரொம்ப காலம் ஒரே ஒரு வாட்ச்தான் இருந்தது. ராடோ. ரோலெக்ஸ், ஒமேகா எல்லாம் பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பேர்ஷியாவில் இருந்து லீவுக்கு வருகிறவர் (குவைத், சவுதி, மஸ்கட் எல்லாமே எங்கள் பாட்டாவுக்குக் கடைசி வரைக்கும் பேர்ஷியாதான்) முழுக்கைச் சட்டையை ஒரு மடிப்பு மடித்து விட்டிருப்பார், அந்த மடிப்புக்குக் கீழே தங்க நிறத்தில் கனமாக ஒரு ராடோ டயஸ்டார் கிடக்கும். மாப்பிள்ளைக்கு எத்தனை பவுன், என்ன வண்டி என்று பேசும்போது ராடோவும் சேர்ந்தே பேசப்படும்.

அதற்கு நியாயமான காரணமும் உண்டு. 1962-ல் டயஸ்டார் வந்தபோது அதன் விசேஷமே கீறல் விழாது என்பதுதான். கேஸ், அதாவது வாட்ச்சின் கூடு, டங்ஸ்டன் கார்பைடு, மேலே சஃபையர் கண்ணாடி. கட்டட வேலைக்குப் போகிறவரும் வெல்டிங் செய்கிறவரும் பத்து வருடம் கட்டிய பிறகும் அது புதுசு போலவே ஊருக்கு வரும். டயலில் ஒரு சின்ன நங்கூரம் இருக்கும், கையை ஆட்டினால் அதுவும் சுற்றும். நங்கூரம் சுற்றவில்லை என்றால் வாட்ச் டூப்பு என்று எங்கள் சித்தப்பா பார்க்கிறவர்களின் கையை எல்லாம் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். சாவும் கல்யாணமும் அவருக்கு வித்தியாசம் இல்லை, எங்கே போனாலும் இதே வேலை.

இதே ராடோவை வெளிநாட்டு வாட்ச் பிரியர்களிடம் கொண்டுபோய்க் காட்டினால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அடுத்த வாட்ச்சுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் வரிசையில் ஒமேகா ராடோவுக்கு எத்தனையோ படி மேலே. இரண்டும் ஒரே ஸ்வாட்ச் குழுமத்தின் பிராண்டுகள்தான், லாஞ்சின்ஸ், டிஸ்ஸோ எல்லாம்கூட அதே வீட்டுப் பிள்ளைகள்தான், ஆனால் மரியாதை வேறு வேறு. ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 1969-ல் நிலவுக்குப் போனது, அந்தக் கதை அங்கே விற்கிறது. தக்கலையில் நிலவுக்குப் போன வாட்ச்சைவிட சவுதியில் தமாமுக்குப் போய் வந்த வாட்ச்சுக்குத்தான் மதிப்பு. பிராண்டின் பெயர் என்று நாம் பெரிதாகப் பேசுவது ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு மாறுகிற விஷயம் என்று எனக்கு உறைத்தது இங்கேதான்.

சீக்கோவின் நிலைமை இதற்கு நேர் எதிர். எங்கள் பக்கத்தில் சீக்கோ என்றால் சீக்கோ 5. 1963-ல் ஜப்பானில் வந்த ஆட்டோமேட்டிக் வாட்ச் (கை அசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும்), கல்ஃப் கடைகளில் கைக்கு அடக்கமான விலை. பிளஸ் டூ பாஸான தம்பிக்கு, மூத்த மச்சானுக்கு, கடனுக்குப் பணம் தந்து உதவிய பக்கத்து வீட்டு அண்ணனுக்கு என்று பெட்டி கட்டும்போது போட்டுக்கொண்டு வருவது அது. பல வாட்ச்சில் கிழமை அரபியில் காட்டும், ஆங்கிலத்துக்கு மாற்றலாம் என்று தெரியாமலேயே வருடக்கணக்கில் கட்டியவர்கள் உண்டு. நல்ல வாட்ச், உழைக்கும், ஆனால் அது கொடுத்துவிடுகிற வாட்ச். தனக்கென்று ஒருத்தர் ஆசைப்பட்டு வாங்குகிற வாட்ச் கிடையாது.

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் நான் ஒரு கிராண்ட் சீக்கோ வாங்கினேன், அதே சீக்கோக்காரர்களின் விலை கூடின வாட்ச்.

நான் நர்ஸ். குவைத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு சர்வீஸ் பணத்தோடு திரும்பி வந்தேன். பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் ஒதுக்கியது போக எனக்கென்று ஒரு தொகை எடுத்து வைத்தேன். வீட்டில் எல்லோரும் வளையல் எடு என்றார்கள். என்னிடம் வளையல் இருக்கிறது. வாட்ச்தான் வேண்டும் என்றேன்.

நர்ஸ் வாட்ச் கேட்பது வேடிக்கைதான், ஏனென்றால் எங்கள் தொழிலில் கையில் வாட்ச் கட்டுவதே பெரும்பாலும் கூடாது. மணிக்கட்டில் ஏதாவது இருந்தால் கையை ஒழுங்காகக் கழுவ முடியாது. பிரிட்டனில் 2007-ல் முழங்கைக்குக் கீழே எதுவுமே கூடாது என்று விதியே கொண்டு வந்தார்கள். அதனால் யூனிஃபார்மில் குத்திக்கொள்கிற வாட்ச், தலைகீழாகத் தொங்கும், தூக்கிப் பார்த்தால் நேராக இருக்கும். அந்த வாட்ச்சில் நான் மணியைப் பார்த்ததைவிட விநாடி முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். விரலை நாடியில் வைத்து, முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்குவது, துடிப்பு ஒழுங்காக இல்லையென்றால் முழு நிமிடமும் எண்ணுவது. இத்தனை வருடமும் விநாடி முள்ளையே பார்த்தவளுக்கு வாட்ச் என்றால் விநாடி முள்தான். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். பேட்டரி வாட்ச்சில் முள் விநாடிக் கோட்டின் மேல் சரியாக விழாமல் கொஞ்சம் தள்ளி விழுந்தால் எனக்கு எரிச்சலாக வரும். எத்தனையோ நல்ல பெயருள்ள வாட்ச்சில் அப்படித்தான் விழுகிறது.

வாங்குவதற்கு முன் நிறைய படித்தேன். முதலில் ரோலெக்ஸ், அதைத் தாண்டாமல் யாராலும் எதையும் யோசிக்க முடியாது. அந்தப் பெயர் சும்மா வரவில்லை. 1926-ல் தண்ணீர் புகாத ஆய்ஸ்டர் கேஸைக் கொண்டு வந்தார்கள். அடுத்த வருடம் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார், அப்போது அவரிடம் ரோலெக்ஸ் இல்லை. இன்னொரு பெண் கடந்துவிட்டதாகப் பொய் சொல்லி மாட்டிக்கொண்டதால் இவர் மேலும் சந்தேகம் வந்தது, நிரூபிக்க மறுபடியும் இறங்கினார். அந்தத் தடவைதான் ரோலெக்ஸ் நிறுவனர் ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் ஒரு ஆய்ஸ்டரைக் கொடுத்துவிட்டார். குளிர் தாங்காமல் பத்து மணி நேரத்துக்கு மேல் நீந்திய பிறகு அவரைத் தண்ணீரில் இருந்து தூக்கிவிட்டார்கள். கடப்பு முடியவில்லை, வாட்ச் மட்டும் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. வில்ஸ்டார்ஃப் லண்டன் டெய்லி மெயில் பத்திரிகையின் முதல் பக்கம் முழுவதையும் வாங்கி விளம்பரம் போட்டார். எனக்கு இந்தக் கதையில் இரண்டும் பிடிக்கும். வாட்ச் நிஜமாகவே நல்ல வாட்ச், அதைச் சொல்லத் தெரிந்தவனும் கூடவே இருந்தான். இதில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் இன்றைக்கு ரோலெக்ஸின் அந்தக் கிரீட முத்திரைக்கு இந்த மரியாதை இருக்காது.

ஆனால் ரோலெக்ஸின் அதே ஆள்தான் டியூடர் என்ற இன்னொரு பிராண்டையும் தொடங்கினார். பழைய டியூடர் சப்மரைனர் மாடலில் கேஸ், சாவி கொடுக்கிற திருகு எல்லாம் ரோலெக்ஸ் தரத்தில், சிலவற்றில் திருகில் ரோலெக்ஸ் கிரீடமே இருக்கும். உள்ளே மட்டும் வெளியில் வாங்கிய இயந்திரம். டயலில் வேறு பெயர், விலை எவ்வளவோ குறைவு. கட்டிய கைக்கு பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது, பார்த்த கண்ணுக்குத் தெரிந்திருக்கும். கூடுதல் விலையில் ஒரு பங்கு அடுத்தவர் கண்ணுக்காகக் கொடுப்பது என்பதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. கொடுக்க விருப்பம் இருந்தால் கொடுக்கலாம், நகைக்கும் அதைத்தானே செய்கிறோம்.

ரோலெக்ஸை நான் விட்டதற்குக் காரணம் பெயர் இல்லை. ஆசைப்பட்ட மாடலுக்குப் பட்டியலில் பெயர் எழுதிக் காத்திருக்கச் சொல்வது எனக்கு ஒத்துவராது. அப்புறம் இன்னொன்றும் உண்டு. நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் போனால் ரோலெக்ஸ் கட்டிய கைகள் நிறைய தென்படும், பெரும்பாலும் ஃபர்ஸ்ட் காப்பி. நிஜத்தைக் கட்டிக்கொண்டு போனாலும் டூப்புக் கூட்டத்தில் அது ஒன்றாகிவிடும். சித்தப்பா வந்து கையைப் பிடித்து ஆட்டிப் பார்க்க அதில் நங்கூரமும் கிடையாது.

திருவனந்தபுரம் எங்களுக்குச் சென்னையைவிட எவ்வளவோ பக்கம். அங்கே ஒரு பெரிய கடையில் போய் உட்கார்ந்தேன். லக்சுரி வாட்ச் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் அந்தப் பையன் தட்டில் எடுத்து வைத்ததெல்லாம் பொடிப் பொடியாக வைரம் பதித்த, முத்து டயல் போட்ட சின்ன வாட்ச்கள். அதில் பாதிக்கு விநாடி முள்ளே இல்லை. விநாடி முள் உள்ளது வேண்டும் என்றேன். மேடம், லேடீஸ்ல அப்படி ரொம்ப வராது என்றான். சரி, ஆம்பிளைகளுடையதை எடு என்றேன். கூட வந்த என் வீட்டுக்காரருக்குத்தான் காட்டுகிறோம் என்று நினைத்து அவர் பக்கம் தட்டை நகர்த்தினான். அவர் பாவம், அவர் கையில் இருப்பது அவருடைய அப்பா கட்டிய எச்எம்டி ஜனதா. காலையில் பல் தேய்த்ததும் சாவி கொடுப்பார், அதற்கு மேல் வாட்ச் விஷயத்தில் அவருக்கு ஆசையே கிடையாது. எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூடுவதென்று 2016-ல் அரசாங்கம் முடிவு செய்ததைப் பேப்பரில் படித்துவிட்டு அன்றைக்கு மட்டும் கொஞ்சம் பேசாமல் இருந்தார்.

அந்தக் கடையில்தான் ஸ்னோஃப்ளேக் என்று பெயர் வாங்கிய கிராண்ட் சீக்கோவைப் பார்த்தேன். எஸ்பிஜிஏ211 என்று நம்பர். விநாடி முள் நீலம், வெள்ளை டயல் மேல் அது போகிறது, போகிறது, எங்கேயும் நிற்கவில்லை. டிக் டிக் என்ற துள்ளல் இல்லை. நல்ல சுவிஸ் ஆட்டோமேட்டிக்கில்கூட விநாடிக்கு ஆறோ எட்டோ முறை துடித்துத் துடித்துத்தான் முள் நகரும், தூரத்தில் இருந்து பார்த்தால் ஓடுகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இது நிஜமாகவே வழுக்கிக்கொண்டு போகிறது. ஸ்பிரிங் டிரைவ் என்று பெயர். உள்ளே மற்ற ஆட்டோமேட்டிக் போலவே சுருள்வில்தான் சக்தி தருகிறது, பேட்டரி கிடையாது. ஆனால் பல்சக்கரத்தைத் தட்டித் தட்டி நிறுத்துகிற அமைப்பு இதில் இல்லை. கடைசிச் சக்கரம் விநாடிக்கு எட்டுச் சுற்று நிற்காமல் சுற்றுகிறது, அந்தச் சுற்றிலேயே துளி மின்சாரம் உண்டாகி ஒரு குவார்ட்ஸ் படிகத்தை இயக்குகிறது, படிகம் சொல்கிற வேகத்துக்கு மேல் போகாமல் காந்தத்தால் பிரேக் பிடிக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு விநாடிதான் முன்பின் போகும் என்று கணக்கு. யோஷிகாசு அகாஹானே என்ற சீக்கோ பொறியாளர் 1977-ல் இதைத் தொடங்கினார். வாட்ச்சாக வெளியே வந்தது 1999-ல். அவர் அதற்கு முந்தின வருடமே இறந்துவிட்டார்.

டயலைப் பற்றிக் கம்பெனி சொல்வது, ஜப்பானில் ஷின்ஷு பகுதியில் காற்று அடித்த பனியின் மேற்பரப்பைப் பார்த்துச் செய்தது என்று. வெள்ளைப் பெயிண்ட் அடிக்கவில்லை, சொரசொரப்பான தகட்டின் மேல் வெள்ளி முலாம் பூசி அந்த வெள்ளையைக் கொண்டு வந்திருக்கிறார்கள். நான் பனியைக் கண்டேனா என்ன, எனக்கு அது எங்கள் மாவட்டத்துப் புத்தளம் உப்பளம். சின்ன வயதில் அத்தை வீட்டுக்குப் போகிற வழியில் பஸ் ஜன்னலில் இருந்து பார்ப்பேன், பாத்தியில் உப்பு விளைந்து காற்றில் லேசாக அலை அலையாகப் படிந்திருக்கும், மதிய வெயிலில் கண் கூசும். அதை யாரோ கையில் கட்டித் தந்த மாதிரி இருந்தது. இதை அந்தக் கடைப் பையனிடம் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆமா என்றார்.

பெயரைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருக்கிறோம், இந்த வாட்ச்சிலேயே ஒரு கதை இருக்கிறது. கிராண்ட் சீக்கோ 1960-லிருந்து இருக்கிறது. 2017 வரைக்கும் பல வருடம் டயலில் மேலே சீக்கோ என்று பெரிதாகவும் கீழே கிராண்ட் சீக்கோ என்றும் இருந்தது. அந்த வருடம் தனி பிராண்ட் ஆக்கி, மேலே இருந்த சீக்கோவை எடுத்துவிட்டார்கள். இதே ஸ்னோஃப்ளேக்தான் முன்பு வேறு நம்பரில், சீக்கோ என்ற பெயரோடு இருந்தது. வாட்ச் மாறவில்லை, இயந்திரம் மாறவில்லை. செய்தவர்களுக்கே தங்கள் பெயர் இந்த விலைக்குச் சுமையாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான், பழைய டயலே எனக்குப் பிடித்திருந்தது. 1969 கிறிஸ்துமஸ் அன்று உலகத்தின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டு சுவிஸ்காரர்களை ஆட்டிவைத்த பெயர் அது, எதற்காக ஒளிக்க வேண்டும்?

வாங்கி வந்ததும் சித்தப்பா வந்தார். விலையை யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். கையைப் பிடித்து ஆட்டினார், பழக்கதோஷம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டயலை உற்றுப் பார்த்தார்.

"மக்ளே, சீக்கோவுக்கா இவ்வளவு ரூவா? இதுல ராடோ ரெண்டு எடுத்திருக்கலாம்லா."

"எனக்கு இதுதான் பிடிச்சுது சித்தப்பா."

"பிடிச்சா சரி. வெயிட்டே இல்லியே?"

டைட்டானியம், செயினோடு சேர்த்தே நூறு கிராம்தான். அவருக்குக் கனம் இல்லாத வாட்ச் வாட்ச்சே கிடையாது. கிழமையும் காட்டாது, தேதி மட்டும்தான் என்று தெரிந்தபோது, என் பிளஸ் டூ பாஸுக்கு அவர் வாங்கித் தந்த சீக்கோ 5-ல் கிழமை இருந்ததை ஞாபகப்படுத்தினார். அதுவும் நியாயம்தான்.

அவர் சொன்னதில் இன்னும் சில நியாயம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. நாளைக்கு இதை விற்கப் போனால் ரோலெக்ஸுக்குக் கிடைக்கிற மாதிரி விலை கிடைக்காது, நிறையவே குறையும். நாகர்கோவிலில் எச்எம்டியையும் சீக்கோ 5-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுகிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், ஸ்பிரிங் டிரைவை அவர்கள் முன்னால் வைத்தால் மூடிக் கையில் கொடுத்துவிடுவார்கள், கொடுக்கவும் வேண்டும். டைட்டானியத்தில் கீறல் சீக்கிரம் விழும், என் செயின் கொக்கியில் ஏற்கெனவே விழுந்துவிட்டது. அந்தக் கொக்கியே இந்த விலைக்குக் கொஞ்சம் சாதாரணம்தான், வெயிலில் கை உப்பினால் துளி தளர்த்திவிட வசதி இல்லை. நம் ஊர் வியர்வைக்கும் கடல் காற்றுக்கும் டைட்டானியம் துருவேறாது என்பது நல்ல பக்கம். பிராண்டின் நல்ல பெயருக்குப் பணம் கொடுக்கிறோம் என்றால் இதற்கெல்லாம் கொடுக்கலாம்: சர்வீஸ் எங்கே, இருபது வருடம் கழித்து பார்ட்ஸ் கிடைக்குமா, மறுவிற்பனை என்ன. இவற்றை விசாரித்துக்கொண்டேன், என் பட்டியலில் இருந்த ஒன்றிரண்டு அழகான வாட்ச்கள் அங்கேதான் அடிபட்டன. ஆனால் எது அழகு என்று அந்தப் பெயர் எனக்குச் சொல்லித் தர முடியாது.

2022 டிசம்பரில் தமிழ்நாடே ஒரு அரசியல் தலைவர் கட்டிய வாட்ச்சைப் பற்றிப் பேசியது ஞாபகம் இருக்கலாம். பெல் அண்ட் ராஸ் கம்பெனியின் ரஃபேல் விமானப் பதிப்பு, மொத்தமே 500. பில் எங்கே, யார் வாங்கியது, என்ன விலை என்று டீக்கடை வரைக்கும் சண்டை. விமானத்தின் கருவிப் பலகை மாதிரி சதுரமாக இருக்கிற அந்த வாட்ச் பார்க்க நன்றாக இருக்கிறதா என்று மட்டும் ஒருத்தரும் பேசவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை, என் கையைவிடப் பெரிசு.

பெரிய விலை கொடுத்தால்தான் ரசனை என்றும் இல்லை. டைட்டன் எட்ஜ் 2002-ல் வந்தது, மொத்த வாட்ச்சே 3.5 மில்லிமீட்டர் தடிமன். நம்ம ஓசூரில் செய்தது, டைட்டனில் டாடா சன்ஸைவிட தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவுக்குத்தான் கூடுதல் பங்கு என்பது பலருக்குத் தெரியாது. விநாடி முள் இல்லாததால் எனக்கு ஆகாது, மற்றபடி அதைக் கட்டியவர் கையைப் பார்த்தால் நான் இன்னொரு முறை திரும்பிப் பார்ப்பேன்.

இப்போது தங்கை மகனுக்குக் கல்யாணம். பெண் வீட்டில் வாட்ச் எடுத்துத் தருகிறார்கள், எது எடுக்க பெரியம்மா என்று போன் பண்ணினான். கடைக்குப் போய்க் கையில் கட்டு, டயலில் பெயர் இருக்கிற இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார், அப்புறமும் பிடித்தால் எடு என்றேன். சுவிஸ் வாட்ச் என்றால் அவசரம் இல்லாதவர்கள் காத்திருக்கலாம் என்பதையும் சொன்னேன், 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி அவற்றின் சுங்கவரி ஏழு வருடத்தில் படிப்படியாக இல்லாமல் போகும். கல்யாணத்தை ஏழு வருடம் தள்ளிவைக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டான். போய்ப் பார்த்து, மறைத்துப் பார்த்து, கடைசியில் எடுத்தது ராடோ. 2022-ல் அறுபதாவது வருடத்துக்காகத் திரும்பக் கொண்டு வந்தார்களே, அந்த டயஸ்டார் வகை. பெயருக்காக எடுத்தாயா என்று கேட்டேன். இல்லை, இந்த வடிவம்தான் பிடித்தது என்றான், அவன் பொய் சொல்கிறவன் இல்லை. வாரண்டி கார்டில் தேதி போட்டு சீல் வாங்கு, செயினில் கழற்றிய துண்டுகளைக் கடையிலேயே விட்டுவிடாதே, கல்யாணத்துக்கு அப்புறம் உடம்பு போட்டால் வேண்டிவரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.